திருவண்ணாமலை தெப்பத் திருவிழா

திருவண்ணாமலை தெப்பத் திருவிழா என்பது அருணாசலேசுவரர் கோயிலின் கார்த்திகைத் தீப விழாவைத் தொடர்ந்து அய்யங்குளத்தில் நடைபெறும் நீர்விழா ஆகும். உள்ளூரில் இது தெப்பல் உற்சவம் எனப்படுகிறது. மலையுச்சியில் மகாதீபம் ஏற்றப்பட்ட மறுநாள் தொடங்கி மூன்று இரவுகள் இவ்விழா நடைபெறும். முதல் நாள் சந்திரசேகரரும் இரண்டாம் நாள் பராசக்தி அம்மனும் மூன்றாம் நாள் சுப்பிரமணியரும் தெப்பத்தில் வலம் வருவர். மகாதீபம் 11 நாட்கள் எரிவதால், குளத்தில் தெப்பம் மிதக்கும்போது மலைமேல் சுடரும் தெரியும். ஐம்பூதத் தலங்களில் நெருப்புக்குரிய ஊரில், தீப விழாவின் தொடர்ச்சி நீரில் அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

தெப்பத்தின் அமைப்பு

தமிழகக் கோயில்களில் இக்காலத்தில் பொதுவாகக் காலிப் பீப்பாய்களைப் பிணைத்து, அவற்றின்மேல் பலகை பரப்பித் தெப்பம் கட்டப்படுகிறது. அதன்மீது மண்டபம் எழுப்பித் துணி, மலர், மின்விளக்கு ஆகியவற்றால் அழகு செய்வர். தச்சர், பூக்கட்டுவோர், விளக்கமைப்போர், நாதசுவரக் கலைஞர் எனப் பலரின் உழைப்பு இதில் கலந்துள்ளது. விழா முடிந்ததும் தெப்பம் பிரிக்கப்படும். கற்சிற்பம் போல் நிலைத்து நிற்பதில்லையாதலால் கலை வரலாற்று நூல்கள் இதனைப் பெரிதாகக் கருதுவதில்லை. திருவாரூர்க் கமலாலயத் தெப்பம் அளவில் மிகப் பெரியது. அதன்மேல் இசைக் கச்சேரியும் நடைபெறும்.

நீரும் விழாவும்

குளத்தில் நீர் இல்லையெனில் தெப்பம் மிதக்காது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான காலத்திலேயே கார்த்திகைத் தீபம் வருவது திருவண்ணாமலைக்குச் சாதகமாகும். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திலோ விழா தைப்பூசத்தில் வருகிறது. வைகை நீர் அங்கு வந்து சேர வேண்டும். குளம் வறண்டிருந்த ஆண்டுகளில் அங்கு நிலைத்தெப்பமே நடந்தது. அதாவது, தெப்பம் நகராமல் நிற்க, சுவாமி கரையைச் சுற்றி வருவார். எனவே வரத்துக்கால்களைத் தூர்ந்துபோகாமல் காப்பதும் தெப்பம் கட்டுவதைப் போன்றே விழாவுக்கு இன்றியமையாத பணியாகும்.

அய்யங்குளம்

இக்குளக்கரையில் அருணகிரிநாதர் கோயில் உள்ளது. 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்தடைந்த இரமண மகரிசி, கையிலிருந்த எஞ்சிய காசையும் தின்பண்டப் பொட்டலத்தையும் இக்குளத்திலேயே எறிந்தார். கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தம், பிரம்ம தீர்த்தம் என வேறு இரு குளங்களும் உள்ளன.