நாகையின் புதுவெளிக் கோபுரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், சோழ மண்டலக் கரையையொட்டி வந்த மாலுமிகள் நாகப்பட்டினம் நெருங்கிவிட்டதை ஓர் அடையாளத்தால் அறிந்தனர். அது மூன்று நிலைகளோடு சிதைந்து நின்ற செங்கற் கோபுரம். ஐரோப்பியர் அதனைச் சீனக் கோபுரம் என்றனர். ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றனர். நாகையில் பல நூற்றாண்டுகள் தழைத்திருந்த பௌத்தப் பள்ளிகளின் எச்சம் அது. அயல் மாநிலங்களில் வாழும் நாம் அப்பள்ளிகளின் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

முதலாம் இராசராசன் காலத்தில், சுமத்திராவிலும் மலேயாவிலும் ஆட்சி செலுத்திய ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தையின் பெயரால் நாகையில் சூடாமணிவர்ம விகாரத்தை எடுப்பித்தான். கடல் கடந்து வந்தோர் தம் முறைப்படி வழிபட அஃது இடமாயிற்று. சிவபாத சேகரன் எனப் பெயர் பூண்ட இராசராசன், தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அப்பௌத்தப் பள்ளிக்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அவன் மறைந்த பின் மகன் இராசேந்திரன் அக்கொடையைச் செப்பேட்டில் பொறிப்பித்தான்.

அதே இராசேந்திரன் 1025இல் கடாரத்தின்மீது கடற்படை செலுத்தினான். போர் மூண்டமையால் அறம் அழிந்ததா? இல்லை. 1090இல் கடாரத்தரசனின் தூதர் இருவர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அப்பள்ளியூர்களின் வரிவிலக்கை உறுதி செய்தான். இச்செப்பேடுகள் பிற்காலத்தில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரை அடைந்தமையால், லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் பெற்றன.

இத்தனை காலம் நின்ற கோபுரத்தின் முடிவு துயரமானது. 1846இல் அதனைக் கண்ட சர் வால்டர் எலியட் அதன் தோற்றத்தைக் குறித்து வைத்தார். அவ்விடத்தில் கல்லூரி அமைத்திருந்த இயேசு சபையார், அதனை இடிக்க அனுமதி கோரினர். 1867இல் சென்னை அரசாங்கம் இசைந்தது, கோபுரம் தரைமட்டமாயிற்று. எனினும், 1856 முதலாக அவ்வூர் மண்ணிலிருந்து சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றைச் சென்னை அரசு அருங்காட்சியகம் பேணிவருகிறது.

பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் நம்மவர் கோயில் எழுப்பியபோது, அவ்வூரார் இடமளித்தனர். அவ்விதம் வந்தவர்க்கு இடமளித்த பெருமை நம் நாகைக்கும் உண்டு. கோபுரம் மறைந்தது, கொடையைக் கூறும் செப்பேடு நிற்கிறது. அதனை நம் மக்கட்கு எடுத்துரைப்பது நம் கடன்.