இல்லாத நாடுகளின் தங்கப் பதக்கங்கள்

1949 இலிருந்து 2023 வரை ஐரோப்பியப் பெண்கள் கரப்பந்தாட்டச் சம்பியன்ஷிப் 33 தடவைகள் நடந்திருக்கிறது. வென்ற நாடுகளின் பட்டியலை எடுத்து ஒருக்கா எண்ணிப் பாருங்கோ. 33 தங்கங்களில் 16, இண்டைக்கு உலக வரைபடத்திலேயே இல்லாத நாடுகளின் பேரில் இருக்கின்றன. சோவியத் ஒன்றியம் 13, கிழக்கு ஜேர்மனி 2, செக்கோஸ்லோவாக்கியா 1. கிட்டத்தட்டப் பாதி.

நாடுகள் போயிட்டுது. அந்தப் பதக்கங்களை வென்ற பெண்கள் போகேல்லை. அவர்களில் பலர் வேறு கடவுச்சீட்டோடு, வேறு கொடிக்குக் கீழே தொடர்ந்து விளையாடினார்கள். விளையாட்டு வரலாற்றை நாங்கள் வழக்கமாக நாடுகளின் வரலாறாகத்தான் வாசிக்கிறம். யாருக்கு எத்தனை பதக்கம், யார் யாரை வென்றது என்பதோடு கதை முடிஞ்சுபோகும். இந்தச் சம்பியன்ஷிப்பின் கதையை ஜேர்சிக்குள்ள இருந்த ஆட்களின் பக்கத்திலிருந்து வாசிச்சா என்ன தெரியும் எண்டு பாக்கிறதுதான் இந்தக் கட்டுரை.

கிழக்கில் விட்ட வேர்

கரப்பந்தாட்டம் பிறந்தது அமெரிக்காவில். 1895 இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் நகரில், வை.எம்.சி.ஏ. இல் உடற்பயிற்சி கற்பித்த வில்லியம் மோர்கன் என்பவர் இதை உருவாக்கினார். முதலாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரோடு சேர்ந்து ஐரோப்பாவுக்கும் வந்தது. ஆனால் அது ஆழமாக வேர்விட்டது கிழக்கு ஐரோப்பாவில்தான். செலவில்லாத விளையாட்டு. ஒரு வலை, ஒரு பந்து, கொஞ்சம் வெளி இருந்தாப் போதும். தொழிற்சாலை முற்றத்திலும் ஆடலாம்.

1947 இல் பரிஸில் சர்வதேசக் கரப்பந்தாட்டச் சம்மேளனம் தொடங்கப்பட்டது. 1948 இல் ரோமில் ஆண்களுக்கான முதலாவது ஐரோப்பியச் சம்பியன்ஷிப். அடுத்த வருசமே, 1949 செப்டெம்பரில், பிராக் நகரில் பெண்களுக்கான முதலாவது போட்டி. சோவியத் ஒன்றியம் முதலிடம், செக்கோஸ்லோவாக்கியா இரண்டாமிடம், போலந்து மூன்றாமிடம்.

இந்த 1949 என்ற ஆண்டைக் கொஞ்சம் யோசிச்சுப் பாக்க வேணும். ஆண்களின் ஐரோப்பிய உதைபந்தாட்டக் கிண்ணமே 1960 இல்தான் தொடங்கியது. பெண்களின் உதைபந்தாட்டத்துக்கு அப்படியொரு போட்டியின் முதல் இறுதியாட்டம் 1984 இல்தான் நடந்தது. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1921 இல் தன்னுடைய மைதானங்களில் பெண்கள் விளையாடுவதைத் தடைசெய்து, அரை நூற்றாண்டு வரை அந்தத் தடையை வைத்திருந்தது. மேற்கு ஜேர்மனியின் சங்கமும் 1955 இலிருந்து 1970 வரை அதையே செய்தது. அந்தக் காலத்தில் கரப்பந்தாட்டப் பெண்கள் பிராக், சோபியா, பரிஸ், புக்காரெஸ்ட் எண்டு நகரம் நகரமாகப் போய் ஐரோப்பியச் சம்பியன்ஷிப் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இதுக்குக் காரணம் வெறும் நல்லெண்ணம் இல்லை. சோசலிச அரசுகளுக்குப் பெண்களின் விளையாட்டு ஒரு சான்றாகத் தேவைப்பட்டது. எங்கள் நாட்டில் பெண்ணும் ஆணும் சமம் எண்டு உலகத்துக்குக் காட்ட வேணும். அதனால் பயிற்சிக்கூடம், பயிற்றுநர், பயணம் எல்லாவற்றையும் அரசு கொடுத்தது. பெண்களுக்கு அது உண்மையாகவே ஒரு வெளியைத் திறந்தது, அதை மறுக்க ஏலாது. 1958 முதல் 1979 வரை தொடர்ந்து 7 தடவைகள் சோவியத் அணியே வென்றது. 1985 இல் நெதர்லாந்து வெண்கலம் எடுக்கும் வரை மேற்கு ஐரோப்பிய நாடு எதுவும் பதக்க மேடையில் ஏறினதில்லை.

சான்றாக்கப்பட்ட உடல்கள்

ஆனால் சான்றுக்கு ஒரு விலை இருந்தது. கிழக்கு ஜேர்மனி 1983 இலும் 1987 இலும் சம்பியன். அதே நாட்டில்தான் 1974 இலிருந்து அரசே திட்டம் போட்டு விளையாட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்தது. சின்ன வயதுப் பெண்பிள்ளைகளிடம் விற்றமின் குளிசை எண்டு சொல்லி ஆண் ஹோர்மோன் சார்ந்த மருந்துகள் கொடுக்கப்பட்டன. 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற கிழக்கு ஜேர்மன் கரப்பந்தாட்ட அணியில் இருந்த கத்தரினா புல்லின், இந்த மருந்துகள் தன்னுடைய உடலையும் வாழ்க்கையையும் எப்படிக் குலைத்தன என்பதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். நாடு மறைஞ்சு பத்து வருசம் கழிச்சு, 2000 இல், பேர்லின் நீதிமன்றம் இந்தத் திட்டத்தின் பொறுப்பாளர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது. 2002 இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவித்தொகை வழங்கச் சட்டம் வந்தது. பதக்கத்தைத் தன்ர கணக்கில் எழுதின அரசு அப்போது இல்லை. நோவு மட்டும் ஆட்களோடு மிஞ்சியது.

சோவியத் பக்கமும் படம் அவ்வளவு வெளிச்சமாக இல்லை. அந்த அணியின் புகழ்பெற்ற பயிற்றுநர் நிக்கோலாய் கார்போல், இடைவேளைகளில் வீராங்கனைகள் மேல் கத்தும் காட்சிகள் தொலைக்காட்சி வழியாக உலகம் முழுக்கப் போயின. பெண் சமத்துவத்தின் சான்றாக நிண்ட அணி, ஓர் ஆணின் சத்தத்துக்கு முன்னால் தலைகுனிஞ்சு நிண்டதைப் பாத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பேர் மாறிய மேடை

1991 செப்டெம்பர் கடைசியிலும் ஒக்டோபர் தொடக்கத்திலுமாக இத்தாலியில் போட்டி நடந்தது. ஒகஸ்டில் மொஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்து தோற்றிருந்தது. பால்ட்டிக் நாடுகள் ஏற்கெனவே பிரிந்துவிட்டன. இடிஞ்சுகொண்டிருந்த நாட்டின் பேரை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோவியத் பெண்கள் ஆடி, 13 ஆவது தங்கத்தை வென்றார்கள். டிசெம்பரில் அந்த நாடு இல்லை. (இலங்கையில் கரப்பந்தாட்டம் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டதும் இதே 1991 இல்தான்.)

அடுத்த போட்டி 1993 இல், செக் குடியரசில். பதக்க மேடையைப் பாருங்கோ. தங்கம் ரஷ்யா, வெள்ளி செக் குடியரசு, வெண்கலம் உக்ரேன். முந்திய போட்டியில் இந்த மூன்றில் ஒன்றுகூடத் தனி அணியாக இல்லை. ஒரே அணியாகப் பயிற்சி எடுத்தவர்கள் இப்ப ரஷ்யர், உக்ரேனியர் எண்டு பிரிஞ்சு எதிரெதிராக நிக்க வேண்டியதாயிற்று.

யூகோஸ்லாவியாவின் உடைவு இன்னும் இரத்தம் தோய்ந்தது. போரிலிருந்து வெளிவந்த குரோஷியா 1995, 1997, 1999 எண்டு தொடர்ந்து மூன்று தடவைகள் வெள்ளி வென்றது. அந்த 90களின் குரோஷிய அணியில் பந்தை எடுத்துக் கொடுத்தவர் இரினா கிரில்லோவா. 1988 சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றியத்துக்குத் தங்கம் வென்ற அதே கிரில்லோவா, கார்போலின் முன்னாள் மாணவி. அவர் எந்த நாட்டுக்காரி? பதக்கப் பட்டியலுக்கு இதுக்கு இரண்டு விடை இருக்கு, இரண்டும் சரி.

ஆரிட்டைக் கேட்கிறார்கள்?

2000 க்குப் பிறகு மேடை பரவலாகியது. 2003 இல் அங்காராவில் துருக்கியை வென்று போலந்து முதன்முறை சம்பியனானது. பிறகு இத்தாலி, சேர்பியா. இந்த அணிகளுக்குள்ளும் எல்லை தாண்டிய வாழ்க்கைகள் நிறைய. 2007 இல் இத்தாலிக்குத் தங்கம் வென்ற தைஸ்மாரி அகுவேரோ, அதுக்கு முன்னம் கியூபாவுக்கு இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள் வென்றவர். சேர்பியாவின் நட்சத்திரம் தியானா பொஷ்கோவிச் பிறந்தது பொஸ்னியா ஹெர்சகோவினாவில்.

2021 இல் பெல்கிரேட்டில் இத்தாலி சேர்பியாவை 3-1 என வென்றது. தொடரின் சிறந்த வீராங்கனை பவோலா எகோனு. நைஜீரியப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்தவர். அடுத்த வருசம் உலகச் சம்பியன்ஷிப்பில் வெண்கலம் எடுத்த கையோடு, நீ இத்தாலியரா எண்டு தன்னிட்டைக் கேட்கிறார்கள், தான் களைச்சுப் போனேன் எண்டு அவர் அழுதுகொண்டு சொன்ன காணொளி வெளிவந்தது. 2023 இல் ரொபேர்தோ வன்னாச்சி என்ற இராணுவ ஜெனரல் தன் நூலில், எகோனுவின் தோற்றம் இத்தாலியத்தன்மையைப் பிரதிபலிக்கவில்லை எண்டு எழுதினார். 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் எகோனு இத்தாலிக்குத் தங்கம் வென்றார். ரோமில் அவருக்கு வரையப்பட்ட சுவரோவியத்தில், தோல் நிறத்தின் மேல் ஆரோ இளஞ்சிவப்பு வர்ணம் பூசிவிட்டுப் போனார்கள்.

2023 போட்டியில் ரஷ்யா இல்லை. உக்ரேன் மீதான படையெடுப்புக்குப் பிறகு ரஷ்யாவும் பெலாருசும் விலக்கப்பட்டிருந்தன. பிரசெல்ஸில் நடந்த இறுதியில் துருக்கி சேர்பியாவை 3-2 என வென்று முதன்முறை சம்பியனானது. குடியரசின் நூறாவது ஆண்டில் வந்த தங்கம். இரண்டு வருசத்துக்கு முன்னம், டோக்கியோ ஒலிம்பிக் நேரம், இதே அணியின் உடையை ஒரு மதபோதகர் பகிரங்கமாகக் கண்டித்திருந்தார். இறுதியின் நாயகி மெலிசா வர்காஸ், கியூபாவில் பிறந்தவர்.

அந்த இறுதியில் இன்னொரு விசயமும் இருந்தது. துருக்கியின் பயிற்றுநர் டானியேலே சந்தரெல்லி, முந்திய வருசம் சேர்பியாவை உலகச் சம்பியனாக்கியவர். சேர்பியாவின் பயிற்றுநர் ஜொவான்னி குய்தெத்தி, அதுக்கு முன்னம் பல வருசம் துருக்கியின் பயிற்றுநர். இரண்டு பேரும் இத்தாலியர்கள், இரண்டு பேரும் அணி மாறி நிண்டார்கள். அதை எல்லாரும் தொழில் எண்டு விளங்கிக்கொண்டார்கள். ஆரும் அவர்களின் விசுவாசத்தைச் சோதிக்கவில்லை. சொந்த நாட்டில் பிறந்து சொந்த நாட்டுக்கு ஆடின எகோனுவுக்குத்தான் அந்தச் சோதனை.

எங்களுக்கு இந்த 74 வருசக் கதையில் தெரியிறது இதுதான். அரசுகள் பெண்களின் உடலைத் தங்களுடைய சான்றாக முன்னால் நிறுத்தும். வென்றால் எங்கட பிள்ளைகள் எண்டு சொல்லும். சரிஞ்சாலோ, நிறமோ உடையோ பிடிக்காமல் போனாலோ, நீ ஆர் எண்டு கேட்கும். கேட்கிற நாடே சிலவேளை பத்து வருசத்தில் இல்லாமல் போகும்.

அடுத்த தடவை ஒரு பதக்கப் பட்டியலைப் பாக்கேக்க, நாட்டின் பேரோடு நிப்பாட்டாமல் அதுக்குக் கீழே இருக்கிற பேர்களையும் ஒருக்கா வாசிப்பம். பந்தை அடிச்சது அவர்கள்தான்.