நடைபாதை யாருக்கு? முலுண்டிலிருந்து ஒரு சட்ட வரலாறு

மும்பை மாநகராட்சியின் வடகிழக்கு எல்லை முலுண்ட். அங்குள்ள சுங்கச்சாவடிகளில் 2024 அக்டோபர் 14 நள்ளிரவு முதல் கார் முதலிய இலகுரக வாகனங்களுக்குக் கட்டணம் இல்லை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, முலுண்டை ஒரு முனையாகக் கொண்டு, தான்சா குடிநீர்க் குழாயை ஒட்டி 39 கி.மீ. மிதிவண்டிப் பாதை அமைக்க மாநகராட்சி திட்டமிட்டது. காருக்குச் சாலை மேலும் திறந்தது. மிதிவண்டிக்குச் சாலைக்கு வெளியே இடம் தேடப்பட்டது.

அந்த இடமும் வெற்றிடமன்று. குழாயோரக் குடிசைகளை அகற்ற மும்பை உயர் நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. மக்கள் மீண்டும் குடியேறாமல் தடுக்கும் வேலியாகவும் அப்பாதை கருதப்பட்டது. அகற்றப்பட்டோரில் பலர் செம்பூரை அடுத்த மாகுலில், எண்ணெய் ஆலைகளின் அருகே குடியமர்த்தப்பட்டனர்.

இந்தப் போக்கின் சட்ட வேர் 1985இல் உள்ளது. ஓல்கா டெல்லிஸ் வழக்கின் மனுதாரர்களில் ஒருவர், 1961இல் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்த தொழிலாளி. வாழ்வாதாரம் அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் நடைபாதை நடப்போருக்கே உரியது என்று கூறி அகற்றத்தையும் ஏற்றது. நடப்போர் உரிமை அன்று ஏழையின் குடிசைக்கு எதிராக எடுத்தாளப்பட்டது.

வாகனத்திற்கு எதிராக அவ்வுரிமை அதே வலிமையுடன் எழவில்லை. 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளில் 'நடப்போரின் வழியுரிமை' என்றொரு தலைப்பு இருந்தது. அதன்கீழ் இருந்ததோ, நடைபாதையிலும் மிதிவண்டித் தடத்திலும் வண்டி ஓட்டலாகாது என ஓட்டுநருக்கு இடப்பட்ட தடை மட்டுமே. நடைபாதை அமைக்கும் கடமை எவருக்கும் அங்கு விதிக்கப்படவில்லை.

கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். இராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் திருப்பம் நேர்ந்தது. தடையற்ற நடைபாதையும் 21ஆம் பிரிவின் உரிமையே என்று 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில், மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின்கீழ் ஆறு மாதங்களுக்குள் விதிகள் வகுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது.

2019இல் சேர்க்கப்பட்ட அப்பிரிவு, நடப்போரையும் மிதிவண்டிகளையும் 'ஒழுங்குபடுத்த' அதிகாரம் தருகிறது. அச்சொல்லைக் கொண்டு நடப்போருக்குப் பாதை அமைக்கவும் முடியும். அவர்களைச் சாலையிலிருந்து விலக்கவும் முடியும். வாழ்வாதாரமும் நடைபாதையும் ஒரே 21ஆம் பிரிவில் நிற்கும் இன்று, நடப்போர் பெயரால் எழுதப்படும் விதிகள் காரை நிறுத்துமா, மீண்டும் ஏழையைத்தான் அகற்றுமா என்பதே வரலாறு எழுப்பும் வினா.