மூவாயிரம் டாலர் கடனில் ஒரு ஊர்ப் பத்திரிகை

பெரிய நகரத்துப் பத்திரிகை ஆசிரியர் யாரையாவது திட்டி எழுதினால் அந்த ஆளை வாழ்நாளில் ஒரு முறைகூட நேரில் பார்க்காமல் இருந்துவிடலாம். சின்ன ஊரில் அது நடக்காது. காலையில் திட்டி எழுதினால் சாயங்காலம் தபால் ஆபீஸ் வாசலில் அவரே எதிரில் வந்து நிற்பார்! அப்படி ஒரு ஊரில் சுமார் ஐம்பது வருடம் பத்திரிகை நடத்தியவர் வில்லியம் ஆலன் வைட். ஊர், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள எம்போரியா. பத்திரிகையின் பெயர் 'எம்போரியா கெசட்'.

1895-ல் அவர் அதை வாங்கியபோது வயது 27. விலை 3,000 டாலர். அதில் சொந்தப் பணம் என்று எதுவும் கிடையாது, எல்லாமே கடன். கடன் கொடுத்தவர்களில் ஒருவர் அந்த மாநிலத்தின் கவர்னர் மோரில். (அங்கே கவர்னர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் ஊர் முதல்வர் மாதிரி.) அரசியல்வாதியிடம் கடன் வாங்கி ஆரம்பித்த பத்திரிகை எப்படி நடுநிலையோடு இருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? ஆரம்பத்தில் அது நடுநிலையாக இல்லை என்பதுதான் உண்மை.

ஊரில் வந்து இறங்கிய நாளைப் பற்றி வைட் தன் சுயசரிதையில் சொல்லும் சம்பவம் வணிகவியல் படிப்பவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ரயிலை விட்டு இறங்கும்போது பையில் இருந்தது ஒன்றேகால் டாலர். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தால் சிக்கனக்காரர் என்று பெயர் கிடைக்கும். குதிரை வண்டி வைத்துக்கொண்டு போனால் கால் டாலர் செலவு, ஆனால் பசையுள்ள ஆள் என்று ஊர் நினைக்கும். யோசித்துப் பார்த்து வண்டியிலேயே ஏறினார். அந்தக் கால் டாலருக்காக அவர் பிறகு வருத்தப்படவே இல்லையாம். நம் பாடப் புத்தகத்தில் இதற்கு நற்பெயர் மதிப்பு என்று பெயர்!

ஊரில் ஏற்கனவே 'ரிபப்ளிகன்' என்று இன்னொரு நாளிதழ் இருந்தது. ஒரு சின்ன ஊரின் கடைகள் இரண்டு பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்துக் கட்டுப்படியாகுமா? போட்டி கடுமையாகத்தான் இருந்தது. மனைவி சாலியும் ஆபீசுக்கு வந்து செய்தி எழுதினார். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தார்கள், யாருக்குக் கல்யாணம், யார் இறந்து போனார்கள்... இந்த மாதிரிச் செய்திகள்தான் இரண்டு பேருக்கும் தினசரி வேலை. சந்தா கட்டுபவருக்குத் தன் பெயரை அச்சில் பார்ப்பதை விட வேறு என்ன சந்தோஷம்!

1896 ஆகஸ்டில் அந்தத் திருப்பம் வந்தது. கடனிலும் விளைச்சல் விலை வீழ்ச்சியிலும் நொந்துபோன விவசாயிகள் பாப்புலிஸ்ட் கட்சியின் பின்னால் திரண்டிருந்த நேரம். வைட் அவர்களை எதிர்த்து எழுதிவந்தார். ஒரு நாள் பளிச்சென்று உடை உடுத்தித் தபால் எடுத்துவரப் போனவரைத் தெருவில் அந்தக் கட்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கிண்டல் செய்தார்கள். முகம் சிவக்க ஆபீசுக்குத் திரும்பியவர் அதே கோபத்தோடு ஒரு தலையங்கத்தை எழுதித் தள்ளிவிட்டு வெளியூர் கிளம்பிப் போய்விட்டார். 'கான்சஸுக்கு என்ன கேடு?' என்பது அதன் தலைப்பு. குடியரசுக் கட்சி அதை லட்சக்கணக்கில் அச்சடித்து நாடு முழுக்க விநியோகித்தது. ஒரே மாதத்தில் வைட் தேசம் அறிந்த ஆள்!

பெரிய நகரங்களிலிருந்து வேலைக்கு அழைப்புகள் வந்தன. அவர் போகவில்லை. பிற்காலத்தில் அந்தத் தலையங்கத்தின் கருத்திலிருந்தே விலகி, அன்று கேலி செய்த சீர்திருத்தங்கள் பலவற்றை ஆதரித்தும் எழுதினார். தன்னைப் புகழ் பெற வைத்த எழுத்தே தவறு என்று ஒருவர் ஒப்புக்கொள்வது சாதாரண விஷயமா என்ன?

1922-ல் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்களை 49 சதவீதம் ஆதரிப்பதாக ஆபீஸ் ஜன்னலில் ஒரு அட்டை வைத்தார். ஐம்பதுகூட இல்லை! அதற்கே கைது. கைது செய்யச் சொன்ன கவர்னர் ஹென்றி ஆலன் அவருடைய நெடுநாள் நண்பர். வழக்கு நிற்கவில்லை. ஆனால் பேச்சுரிமை பற்றி அப்போது எழுதிய தலையங்கத்துக்கு 1923-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1924-ல் கூ கிளக்ஸ் கிளானை எதிர்ப்பதற்காகவே கவர்னர் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றார்.

ஆனால் அந்தக் குடும்பத்தின் நினைவில் எல்லாவற்றையும் விடக் கனமானது 1921 மே மாதம்தான். மகள் மேரிக்கு அப்போது 16 வயது. குதிரையில் போய்க்கொண்டிருந்தவள், வழியில் கெசட் போடும் பையனைப் பார்த்துக் கை அசைத்தாள். பள்ளிக்கூட நண்பன். கடிவாளம் பிடித்த கையால் அசைத்ததால் குதிரை திசை மாறிவிட்டது. தாழ்ந்திருந்த மரக்கிளை தலையில் மோதியது. சில நாட்களில் இறந்துபோனாள்.

ஊரில் எல்லார் வீட்டுச் சாவையும் எழுதிய பத்திரிகை இதை மட்டும் எழுதாமல் இருக்க முடியுமா? மே 17 அன்று அப்பாவே எழுதினார். எடுத்த எடுப்பிலேயே அவர் செய்தது ஒரு திருத்தம்! குதிரையிலிருந்து விழுந்து இறந்தாள் என்று செய்தி நிறுவனம் எழுதியிருந்தது. இதைக் கேட்டிருந்தால் அவள் எப்படிச் சிரித்திருப்பாள் என்று ஆரம்பிக்கிறார். அவள் அவ்வளவு நன்றாகக் குதிரை ஓட்டுவாள். பிறகு அவள் சேட்டைகள், அவள் படித்த புத்தகங்கள், பள்ளியில் கறுப்பின மாணவிகளுக்கு ஓய்வறை வேண்டும் என்று போராடியது, ஏழைகள் விடுதியில் இருந்தவர்களுக்காக அலைந்தது... எங்கேயும் தன் துக்கத்தைப் பற்றி ஒரு வரி புலம்பல் கிடையாது. நாடெங்கும் பத்திரிகைகள் அதை மறுபிரசுரம் செய்தன, பாடப் புத்தகங்களிலும் சேர்ந்தது. தான் எழுதியதில் ஏதாவது தனக்குப் பின்னும் நிற்கும் என்றால் அது இதுவாகத்தான் இருக்கும் என்று வைட் கருதினார்.

1944-ல் அவர் இறந்தபோது சுயசரிதை பாதியில் நின்றிருந்தது. மகன் பில் மீதியை எழுதி 1946-ல் வெளியிட்டார். அதற்கும் 1947-ல் புலிட்சர் கிடைத்தது. கெசட்டும் பில் கைக்கு வந்தது. அவரும் பத்திரிகையாளர்தான். 1940-ல் லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில் செய்தி சேகரிக்கப் போனவர், திரும்பி வரும்போது மூன்று வயது அனாதைச் சிறுமி ஒருத்தியைத் தத்தெடுத்துக் கூட்டி வந்தார். அந்தக் கதையை 'ஜர்னி ஃபார் மார்கரெட்' என்ற புத்தகமாக 1941-ல் எழுதினார், அடுத்த வருடமே சினிமாவும் ஆனது. சிறுமியின் பெயர் பார்பரா. அவர் வளர்ந்து, கணவர் டேவிட் வாக்கரோடு சேர்ந்து கெசட்டை நடத்தினார். பிறகு அவர்கள் மகன் கிறிஸ்டோபர் அதை எடுத்துக்கொண்டார்.