உள்ளாட்சி மன்றக் காலியிடம் நிரப்புதல்

உள்ளாட்சி மன்றக் காலியிடம் என்பது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவற்றில் பதவிக்காலம் முடியும் முன்பே ஓர் உறுப்பினரின் இடம் வெறுமையாவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இது தற்செயல் காலியிடம் எனப்படுகிறது. உறுப்பினரின் இறப்பு, பதவி விலகல், தகுதியிழப்பு ஆகியன இதற்கான பொதுவான காரணங்கள் ஆகும். இவ்விடத்தை மீண்டும் வாக்கெடுப்பு நடத்தி நிரப்பலாம். அல்லது ஒருவரை நியமித்து நிரப்பலாம். தமிழ்நாட்டில் மக்கள் தேர்ந்தெடுத்த ஓர் இடத்தை நியமனத்தால் நிரப்ப முடியாது. ஆனால் மன்றம் முழுவதும் காலியானால் அரசு ஓர் அலுவலரை நியமித்துவிடுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் ஆத்தூர் ஊராட்சி ஒன்றியம் 2016, 2025 ஆகிய ஆண்டுகளில் இந்நிலையை அடைந்தது. (சேலம் மாவட்டத்திலுள்ள ஆத்தூர் நகராட்சி வேறு.)

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவின் பல நகரங்களில் மன்றத்தின் எஞ்சிய உறுப்பினர்களே கூடி, பெரும்பான்மை வாக்கால் ஒருவரை நியமிக்கின்றனர். இங்கிலாந்தின் சிற்றூர் மன்றங்களில் அறிவிப்பு வெளியான 14 நாட்களுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் தேர்தல் நடைபெறும். எவரும் கேட்காவிடில் மன்றமே ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும். இலங்கையில் கலப்பு விகிதாசார முறை நிலவுவதால் இடம் கட்சிக்கு உரியதாகக் கருதப்படுகிறது. எனவே கட்சியின் செயலாளர் பெயரைத் தருகிறார். தேர்தல் அலுவலர் அதனை அறிவிக்கிறார்.

தமிழ்நாட்டில் சட்ட நிலை

தொடக்க காலத்தில் இங்கும் நியமனமே முறையாக இருந்தது. 1866இல் திண்டுக்கல் நகராட்சி அமைந்தபோது நடைமுறையிலிருந்த 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டப்படி உறுப்பினர்களை அரசே நியமித்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு இடமளித்தது. 1882இல் ரிப்பன் பிரபுவின் தீர்மானத்தைத் தொடர்ந்து வந்த 1884ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் அதனை விரிவாக்கியது.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம், 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள், உள்ளாட்சி மன்றங்களின் இடங்கள் நேரடித் தேர்தலால் நிரப்பப்பட வேண்டும் என்று விதித்தன. ஆகவே ஓர் இடம் காலியானால் அச்செய்தி மாநிலத் தேர்தல் ஆணையத்திற்குத் தெரிவிக்கப்பட்டு, இடைத்தேர்தல் நடத்தப்படுகிறது. 2022 சூலை 9 அன்று தமிழ்நாட்டின் ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளின் காலியிடங்களுக்கு இவ்வாறு ஒரே நாளில் வாக்குப்பதிவு நடைபெற்றது. வெற்றி பெறுபவர் புதிதாக ஐந்தாண்டு பெறுவதில்லை. எஞ்சிய காலத்திற்கு மட்டுமே உறுப்பினர் ஆவார்.

தலைமைப் பதவிகளில் சிறு வேறுபாடு உண்டு. ஊராட்சித் தலைவரை வாக்காளர்களே தேர்ந்தெடுப்பதால் அப்பதவிக்கும் இடைத்தேர்தல் தேவை. மேயரையும் ஒன்றியக் குழுத் தலைவரையும் உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கின்றனர். 2024 சூலையில் கோயம்புத்தூர், திருநெல்வேலி மேயர்கள் பதவி விலகியபோது, அடுத்த மாதமே மாமன்ற உறுப்பினர்கள் கூடிப் புதிய மேயர்களைத் தேர்ந்தெடுத்தது இவ்வகையைச் சேர்ந்தது.

நியமன உறுப்பினர்

நகராட்சி நிருவாகத்தில் சிறப்பறிவு உடையோரை மன்றத்தில் சேர்க்க அரசியலமைப்பின் 243ஆர் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் அவர்களுக்கு மன்றக் கூட்டங்களில் வாக்குரிமை கிடையாது. இது கூடுதல் இடமேயன்றிக் காலியிடத்தை நிரப்புவது அன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க வகைசெய்யும் திருத்தங்களை நிறைவேற்றியது. சின்னாளப்பட்டி, சித்தையன்கோட்டை போன்ற பேரூராட்சிகளில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இருந்தன. ஆத்தூர் ஒன்றியத்தின் ஊராட்சிகளிலோ நியமன உறுப்பினர் உடன் அமர்வதற்கு அப்போது வேறு உறுப்பினர்களே இருக்கவில்லை.

மன்றமே காலியாகும்போது: தனி அலுவலர்

மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243இ, 243யு பிரிவுகளின் கட்டளை. மன்றம் கலைக்கப்பட்டால் ஆறு மாதங்களுக்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும். இக்கால வரம்பு கட்டாயமானது என்பதை உச்ச நீதிமன்றம் 2006இல் கிசன்சிங் தோமர் வழக்கில் உறுதி செய்தது. நடைமுறை வேறாக இருந்தது.

தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் 17, 19 ஆகிய நாட்களில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலுக்கான அறிவிக்கையை, பழங்குடியினர் இட ஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று நீக்கியது. அம்மாதம் 24ஆம் நாளுடன் மன்றங்களின் காலம் முடிந்தது. உறுப்பினர்களின் இடத்தில் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். அவர்களின் காலம் முதலில் சில மாதங்களுக்கு என்று வகுக்கப்பட்டு, பின்னர் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. ஆத்தூர் ஒன்றியம் உள்ளிட்ட 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளில் 2019 திசம்பர் 27, 30 ஆகிய நாட்களில்தான் தேர்தல் நடைபெற்றது. உறுப்பினர்கள் 2020 சனவரி 6 அன்று பதவியேற்றனர். நகர்ப்புறங்கள் இன்னும் காத்திருக்க நேர்ந்தது. 48 வார்டுகள் கொண்ட திண்டுக்கல் மாநகராட்சியில் உறுப்பினர்கள் 2022 மார்ச் 2 அன்றே பதவியேற்றனர். அதாவது, அங்கு நியமன நிருவாகம் நீடித்த காலம் ஐந்து ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகும். தேர்ந்தெடுக்கப்பட்ட எந்த மன்றமும் இவ்வளவு காலம் பதவியில் இருக்க அரசியலமைப்பு இடம்தராது.

ஊரக மன்றங்களின் காலம் 2025 சனவரி 5 அன்று முடிந்தபோது இதே நிலை திரும்பியது. வார்டு மறுவரையறைப் பணிகளை அரசு காரணம் காட்டியது. ஊராட்சிகளில் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர் ஆவார். மன்றம் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டியதை அவர் ஒருவரே கையொப்பமிட்டு முடிவு செய்கிறார். ஒன்றியத்தின் பல ஊராட்சிகளுக்கும் அவரே பொறுப்பு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் முன்பு வார்டு உறுப்பினரின் வீட்டு வாசலில் நின்று கேட்கலாம். தனி அலுவலர் காலத்தில் ஒன்றிய அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும். அலுவலர்கள் திறமையற்றவர்கள் என்பது இதன் பொருளன்று. அவர்களை வாக்கால் மாற்ற மக்களுக்கு வழியில்லை என்பதே வேறுபாடு.

நிதி இழப்பும் உண்டு. நடுவண் நிதி ஆணையம் பரிந்துரைக்கும் மானியம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கு உரியது என்பதால், 2016க்குப் பிந்தைய ஆண்டுகளில் தமிழ்நாட்டிற்கான தொகை நிறுத்திவைக்கப்பட்டது.

தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கலைவதில்லை. ஊராட்சியின் வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினர் என்பதால் அங்கு காலியிடம் என்பதே எழாது. 2022 முதல் தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்படுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மன்றம் இல்லாத ஊராட்சிகளில் வரவுசெலவுக் கணக்கைப் பொதுமக்கள் நேரில் கேட்கக்கூடிய கூட்டம் இதுவே ஆகும்.