பாதியில் விட்ட பத்தாம் வகுப்பை இப்போது முடிக்கலாம்

வளைகுடா வேலைக்குப் புறப்படும் பலருக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் பத்தாம் வகுப்பின் அருமை தெரிகிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் குடிபெயர்வுச் சோதனை தேவையில்லை. அது இல்லாத தொழிலாளர் சவூதி, குவைத், கத்தார், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, பெரும்பாலும் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் 40 வயதிலும் அதை முடிக்க வழி இருக்கிறதா? இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கென ஒரு தேர்வு 1942ல், போர்வீரர்களுக்காகத் தொடங்கியது. நம் நாட்டில் இரு வழிகள் உள்ளன.

தனித்தேர்வர் வழி

தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துவது இது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 14½ வயதும் வேண்டும். எட்டாம் வகுப்பும் முடிக்காதவர் 12½ வயது நிறைந்திருந்தால், முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்கள். ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் வேண்டும். முதன்முறை நேரடியாக எழுதுவோர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். தேர்ச்சி பெறாத பாடத்தை மட்டும் மீண்டும் எழுதினால் போதும்.

திறந்தநிலைப் பள்ளி வழி

மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989ல் தொடங்கப்பட்டது. 14 வயது நிறைந்த யாரும் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். உச்ச வயது வரம்பு இல்லை. மொழிப்பாடம் உட்பட ஐந்து பாடங்களை நாமே தேர்ந்தெடுக்கலாம், கணக்கு கட்டாயமில்லை. தேர்ச்சிக்கு 33 விழுக்காடு. ஆண்டுக்கு இருமுறை தேர்வு. பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். வேலைக்குப் போய்க்கொண்டே ஆண்டுக்கு இரண்டு பாடமாக முடிப்பவருக்கு இது ஏற்றது.

கள்ளக்குறிச்சியில்

2019 நவம்பர் 26ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் இது. இங்குள்ள கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அந்தத் தலைமுறையின் மலையாளிப் பழங்குடியினர் பலருக்குப் பள்ளியே எட்டாத தூரம். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முதற்படி, 15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் இது பற்றிக் கேட்கலாம். தனித்தேர்வு விண்ணப்பங்கள் மாவட்டத்தின் அரசுத் தேர்வுகள் சேவை மையங்களில் பதிவாகின்றன. வெள்ளிமலையிலிருந்து மலையிறங்கி வருவோர் கடைசித் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

கடைசியாகப் படித்த பள்ளியில் மாற்றுச் சான்றிதழோ பதிவுத்தாளோ வாங்கி வையுங்கள். அதிலும் ஆதாரிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தேர்வு முடிந்தபின் திருத்துவது அலைச்சல்.

பத்தாம் வகுப்பே இல்லாமல் நேராகப் பட்டம் என்று சொல்லும் விளம்பரங்களை நம்பி ஏமாற வேண்டாம். பத்து, பன்னிரண்டு, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படிக்காத திறந்தநிலைப் பட்டம் அரசுப் பணிக்கு ஏற்கப்படாது என்று 2009ல் தமிழக அரசு ஆணையிட்டுள்ளது. அரசு வேலையை நாடுவோர் எந்த வழியில் சேருமுன்னும் அந்தப் பணிக்கான அறிவிப்பைப் படித்துப் பார்ப்பது நல்லது.

மகனோடு சேர்ந்து தந்தை தேர்வெழுதுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. நம் குடும்பத்தில், தெருவில் படிப்பை விட்டவர் யார் என்று யோசிப்போம். அவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதிலிருந்து தொடங்குவோம்.