விளக்குக்கூட்டின் வரலாறு

காரைதீவுச் சந்தியிலிருந்து மேற்கு நோக்கிச் சம்மாந்துறைக்குச் செல்லும் சாலையில், இருமருங்கும் விரிந்து கிடக்கும் வயல்வெளியின் நடுவே அமைந்துள்ளது மாவடிப்பள்ளி. கடலுக்கும் ஊருக்கும் இடையே காற்றைத் தடுத்து நிறுத்தக் குன்றுமில்லை, காடுமில்லை. மாரியில் வாடை வீசும். கோடையிலோ கச்சான் சுழன்றடிக்கும். மின்சாரம் வந்து சேராத காலத்தில், அத்தகைய ஊரில் அடுக்களையிலிருந்து முன்வாசலுக்கு விளக்கொன்றை எடுத்துச் சென்ற பெண் என்ன செய்திருப்பாள்? வலக்கையில் விளக்கை ஏந்தி, இடக்கையின் உள்ளங்கையைக் குவித்துச் சுடரை அணைத்தவாறு நடந்திருப்பாள். நேயர்களே, அந்தக் குவிந்த கையே உலகின் முதல் விளக்குக்கூடு. அதன்பின் தோன்றிய கூடுகள் யாவும், கை செய்த அத்தொழிலை வேறொரு பொருளைக் கொண்டு செய்ய முயன்றவையேயாம்.

விளக்குக்கூடு என்றவுடன் செல்வர் மாளிகைகளில் தொங்கும் பட்டுக் குடைகளும் பளிங்குக் குமிழ்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. அது ஓர் ஆடம்பரப் பொருள் என்று எண்ணி, ஏழை வீட்டுக்கு அது எதற்கு என்று கேட்போரும் உளர். வரலாறு கூறும் விடை வேறு. கூடு அழகுக்காகத் தோன்றியதன்று, காவலுக்காகத் தோன்றியது. அது இல்லாத வீடுகள் அதற்கு விலையும் கொடுத்திருக்கின்றன.

அகல் விளக்கின் காலத்தை முதலிற் பார்ப்போம். தேங்காயெண்ணெயும் புன்னையெண்ணெயும் இலுப்பையெண்ணெயும் எரிந்த அந்நாளில், விளக்கின் ஒளி கண்ணைக் கூசச் செய்யும் அளவுக்கு வலியதன்று. ஆகவே, மறைக்க வேண்டியது ஒளியையன்று, காற்றையே. மண்சுவரிலே குடைந்த மாடம் அந்த வேலையைச் செய்தது. மூன்று புறமும் சுவர் காக்க, ஒரு புறம் ஒளியை வெளியே விட்டது. காசு செலவில்லாமல், வீடு கட்டும் மண்ணிலேயே அமைந்த கூடு அது.

இதே தத்துவம் வேறிடத்தில் மிக உயர்ந்த கலையாக மலர்ந்தது. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுகளில் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்கு அரசர்கள் தம் பள்ளிவாசல்களிலே தொங்கவிட்ட கண்ணாடி விளக்குகள் இன்று உலகின் பெரிய அரும்பொருட் காட்சிச்சாலைகளிற் காணக் கிடைக்கின்றன. பொன்பூச்சும் நீல வண்ணமும் ஒளிரும் அக்கண்ணாடிக் கலங்களிற் பலவற்றில் திருக்குர்ஆனின் ஒளி பற்றிய வசனம் எழுதப்பட்டிருக்கும். அவற்றை விளக்கு என்று அழைக்கின்றோமாயினும், எண்ணெயும் திரியும் இருந்தவை உள்ளே வைக்கப்பட்ட சிறு கிண்ணங்களே. நாம் வியந்து நோக்கும் கண்ணாடிக் கலம் அந்தச் சுடரைச் சூழ்ந்து நின்ற கூடேயாகும். சுல்தானின் செல்வத்தால் உருவான அக்கூடும் ஏழையின் மாடமும் செய்த பணி ஒன்றே. அதே கெய்ரோ நகரில், றமழான் மாதத்துக்கெனத் தகரத்திலும் வண்ணக் கண்ணாடித் துண்டுகளிலும் ‘பானூஸ்’ என்னும் கைவிளக்குகளைச் செய்யும் தொழிலாளர், பழைய தகரப் பேணிகளை வெட்டியும் அவற்றை ஆக்கி வந்தனர் என்பது நம் கருத்துக்கு மேலும் பொருந்துகின்றது.

கூட்டின் வரலாற்றிலே பெரிய திருப்பம் 1780 ஆம் ஆண்டளவில் நேர்ந்தது. சுவிற்சர்லாந்து நாட்டவரான ஆர்கண்ட் என்பார், குழல் வடிவான திரியையும் அதன்மேல் கண்ணாடிச் சிமினியையும் வைத்துப் புதியதோர் எண்ணெய் விளக்கை அமைத்தார். திரியின் உள்ளும் புறமும் காற்று ஏறியதால் எண்ணெய் நன்கு எரிந்தது; பல மெழுகுதிரிகளின் ஒளியை ஒரே விளக்குத் தந்தது. அன்றுவரை கூட்டின் கடமை காற்றிலிருந்து சுடரைக் காப்பது. அன்று தொடக்கம் சுடரிலிருந்து கண்ணைக் காக்கும் கடமையும் அதனுடன் சேர்ந்தது. சிமினி முதற் கடமையை ஏற்றது. அதற்கு மேலே கவிழ்த்த குடை இரண்டாவதை ஏற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மண்ணெண்ணெய் வந்தது. சில பத்தாண்டுகளில் அது உலகெங்கும் பரவி, நம் கிழக்குக் கரையின் குடிசைகளுக்குள்ளும் புகுந்தது. வசதி படைத்தோர் சிமினி வைத்த மேசை விளக்கையும், கம்பிக் கூட்டுக்குள் கண்ணாடி பொருத்திய அரிக்கன் லாம்பையும் வாங்கினர். அரிக்கன் லாம்பு காற்றிலும் மழையிலும் அணையாது. வண்டிக்காரனும் வயற்காவலனும் மீனவனும் அதை நம்பினார்கள். வாங்க இயலாதோர் என் செய்தனர்? மருந்துப் போத்தல் ஒன்றில் மண்ணெண்ணெயை ஊற்றி, மூடியிலே துளையிட்டுத் திரியைச் செருகினர். அதுவே குப்பி விளக்கு. வீட்டில் வீணே கிடக்கும் பொருளைக் கொண்டு செய்த விளக்கு என்ற அளவில் அது மெச்சத்தக்கதே. ஆனால், அதற்குக் கூடு இல்லை.

கூடில்லாத அந்தச் சுடர் இலங்கை முழுவதும் விளைத்த துன்பம் பெரிது. உயரமும் இலேசும் ஆன போத்தல், ஒரு குழந்தையின் கைபட்டாலே சரியும், உருளும், மூடி கழன்று எண்ணெய் சிந்தும், சிந்திய எண்ணெயிலே தீப்பற்றும். தீக்காயங்களோடு வைத்தியசாலைக்கு வந்தவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் வைத்தியர் விஜய கொடகும்புர, காயத்தை ஆற்றுவதோடு நில்லாமல் காரணத்தையே நீக்க முனைந்தார். 1992 ஆம் ஆண்டில் அவர் அறிமுகப்படுத்திய ‘சுதீப’ என்னும் பாதுகாப்பான குப்பி விளக்கு குட்டையானது, கனமானது. இரு புறம் தட்டையானதால் உருளாது. திருகுமூடி கொண்டதால் சரிந்தாலும் எண்ணெய் சிந்தாது. குட்டையான மாமைற் போத்தலின் வடிவமே அவருக்கு வழிகாட்டியது. 1998 இல் அம்முயற்சிக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது. இலட்சக்கணக்கான விளக்குகள் நாட்டின் வறிய இல்லங்களைச் சென்றடைந்தன. காவல் இல்லாத சுடருக்கு வேறொரு வகையில் அளிக்கப்பட்ட காவல் அது.

இனி, கடதாசியின் கதைக்கு வருவோம். எரியும் சுடரைச் சுற்றி எளிதில் எரியும் கடதாசியை வைக்கும் துணிவு ஆசிய மக்களுக்கே முதலில் வந்தது. சீனத்திலும் யப்பானிலும் மூங்கிற் கீற்றை வளைத்துச் சட்டமாக்கி, மெல்லிய கடதாசியை ஒட்டி விளக்குகள் செய்தனர். நம் நாட்டிலே, 1885 முதல் வெசாக் மீண்டும் பொது விடுமுறையானதன் பின்னர், வீடுதோறும் வெசாக் கூடு கட்டும் வழக்கம் ஓங்கி வளர்ந்தது. மூங்கிற் சிம்பு, ‘ரிசு’க் கடதாசி, கோதுமை மாப் பசை, உள்ளே ஒரு மெழுகுதிரி, இவ்வளவே செலவு. தகப்பனும் பிள்ளைகளும் திண்ணையிலே கூடியிருந்து கட்டும் கூட்டில் காசைவிடப் பொறுமையே மிகுதியாகச் செலவாகின்றது. ஆயினும் காற்றிலே அது சரிந்தால் கூடும் எரிந்து போகும். எனவே அது ஓரிரு இரவுகளின் அழகாகவே நின்றது. ஆண்டு முழுவதும் வீட்டில் எரியும் விளக்காக மாற இயலவில்லை.

மேற்கு நாடுகளிலும் எளிய கடதாசி தன் பெருமையை நிலைநாட்டிய வரலாறு உண்டு. 1901 ஆம் ஆண்டளவில் டென்மார்க்கின் கட்டடக் கலைஞர் ஜென்சன் கிளிண்ட், தாம் வடிவமைத்த மண்ணெண்ணெய் விளக்கு ஒன்றுக்குக் கூடு தேவைப்பட்டபோது, கடதாசியை மடிப்பு மடிப்பாக மடித்துத் தாமே ஒன்று செய்துகொண்டார். அவருடைய குடும்பத்தார் அக்கலையைப் பொழுதுபோக்காகத் தொடர்ந்து செய்து செம்மைப்படுத்தினர். 1943 இல் மகன் ஒருவர் அதையே தொழில் நிறுவனமாக்கினார். வீட்டு மேசையில் மடித்த கடதாசி உலகச் சந்தைக்குச் சென்றது. யப்பானின் கிபு நகரில் 1951 இல், இசாமு நொகுச்சி என்னும் சிற்பி அவ்வூர் மூங்கில் விளக்குகளைக் கண்டு, அதே மூங்கிலும் அதே முசுக்கட்டைப் பட்டைக் கடதாசியும் கொண்டு ‘அகாரி’ என்னும் மின்விளக்குக் கூடுகளைப் படைத்தார். கைத்தொழிலாளருக்குப் புதுவாழ்வு கிடைத்தது. பழைய பொருளுக்குப் புதிய வேலை கண்டுபிடித்ததே அவ்விருவர் செய்த சாதனை.

மின்சாரம் வந்ததும் காற்றைப் பற்றிய கவலை அடியோடு நீங்கியது. எடிசன் 1879 இல் நெடுநேரம் எரியும் மின்குமிழைக் காட்டினார். கூட்டின் முதற் கடமை முடிந்து, கண்ணைக் காக்கும் கடமை மட்டுமே எஞ்சியது. ஆயினும், இழை எரிந்து ஒளிதரும் அக்குமிழ் தான் பெற்ற மின்சக்தியிலே நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கை மட்டுமே ஒளியாக்கியது, எஞ்சியதெல்லாம் வெப்பமாயிற்று. ஆகவே ஓலையும் பன்னும் கடதாசியும் அதன் அருகிலே கருகும் ஆபத்து நீங்கவில்லை. கண்ணாடியும் உலோகமும் வாங்க வல்லவர்க்கே நல்ல கூடு வாய்த்தது. மற்றவர் வீடுகளிலே குமிழ் கயிற்றில் வெறுமனே தொங்கியது.

இந்த நிலையை மாற்றியது நம் காலத்து ‘எல்.இ.டி.’ மின்குமிழ். நீல ஒளி தரும் குறைகடத்தியை ஆக்கி அதற்கு வழிவகுத்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் பௌதிகவியலுக்கான நொபெல் பரிசு கிடைத்தது. பழைய 60 உவாற்றுக் குமிழ் தந்த ஒளியை இது 8 அல்லது 9 உவாற்றில் தருகின்றது. வெப்பமோ மிகச் சிறிது. ஆயினும் அதன் ஒளி கூர்மையானது. மறைப்பின்றிப் பார்ப்பது கண்ணுக்குத் துன்பம். எனவே கூட்டின் தேவை குறையவில்லை. ஏழையின் பொருளால் அதை அச்சமின்றிச் செய்யும் காலம் முதன்முறையாக வந்துள்ளது.

மாவடிப்பள்ளியைச் சூழ்ந்த கரையோரத்துக்கு இச்செய்தி தனிப் பொருள் உடையது. நீர் தேங்கும் தாழ்நிலங்களில் வளரும் பன்னை அறுத்து, வெயிலில் உலர்த்தி, சாயமிட்டுப் பாய் இழைப்பது இக்கரையோர முஸ்லிம் ஊர்களின் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த கைத்தொழில். நெகிழிப் பாய்கள் மலிந்ததும் பன்பாயின் சந்தை சுருங்கியது. விரல் மறவாத அத்தொழிலுக்கு விளக்குக்கூடு ஒரு புதிய இடந்தரக்கூடும். செய்முறையும் எளிது. எட்டு அங்குல விட்டமுள்ள கம்பி வளையங்கள் இரண்டு வேண்டும். இருபத்தாறு அங்குல நீளமும் எட்டு அங்குல அகலமும் கொண்ட பன் இழைப்புத் துண்டொன்றை வளைத்து, ஓர் அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு தைத்து, மேலும் கீழும் வளையங்களோடு பிணைத்தால் கூடு ஆயிற்று. உட்புறம் வெள்ளைக் கடதாசியோ பழைய வெள்ளைத் துணியோ ஒட்டினால் ஒளி சீராகப் பரவும். பன் கிடையாதோர் சிரட்டையில் துளைகளிட்டுத் தொங்கவிடலாம். சுவரிலே ஒளிப்புள்ளிகள் கோலமிடும். ஊதிய பலூனின்மேல் மரவள்ளி மாப் பசையிலே தோய்த்த நூலைச் சுற்றி, நன்கு உலர்ந்தபின் பலூனை உடைத்து எடுப்பின், நூற்கூடு ஒன்று கிடைக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை வலியுறுத்த வேண்டும். இக்கூடுகள் வெப்பம் குறைந்த எல்.இ.டி. குமிழுக்கு மட்டுமே உரியவை. மெழுகுதிரியையோ மண்ணெண்ணெய் விளக்கையோ பழைய இழைக்குமிழையோ இவற்றினுள் வைத்தலாகாது. மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும். குமிழுக்கும் கூட்டுக்கும் இடையே நான்கு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். குப்பி விளக்கின் துயரக் கதையை அறிந்தவர்கள் இதனைச் சிறு காரியமென்று கருதமாட்டார்கள்.

சுல்தான் பொன் பூசினான். கிளிண்ட் கடதாசியை மடித்தார். அயலவர் மூங்கிலை வளைத்தனர். யாவரும் செய்தது, அன்று வாடைக்காற்றிலே ஒரு பெண் தன் கையைக் குவித்துச் செய்த அதே காரியந்தான். தான் இழைத்த பன்னைச் சுடரைச் சூழ வைக்கும் மாவடிப்பள்ளிப் பெண்ணின் கையும் அந்த நீண்ட வரலாற்றிலே சேர்ந்ததாகும். அவள் பிள்ளை கண் கூசாமல் அவ்வொளியிலே புத்தகத்தை விரிக்குமாயின், அக்கூடு தன் கடமையைச் செய்ததாகக் கொள்வோம்.